ஆக்கியோன் விடையும் ஆட்ட விதியும்

ஒரு நூலை ஆக்கியவர் தம் நூலைப் பற்றிப் பின்னாளில் கூறும் சொற்களுக்கு எத்துணை மதிப்பளித்தல் வேண்டும் என்பது திறனாய்வுத் துறையின் தீராத வினாக்களுள் ஒன்றாகும். வைத்தியநாத தேசிகர் தம் இலக்கண விளக்கத்திற்கும், சாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்திற்கும் தாமே உரை வகுத்தனர். அவ்வுரைகள் நூலோடு ஒருங்கு வைத்து எண்ணப்பெறுவன. ஆயின், நூல் வெளிப்போந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், ஆசிரியர் அன்பர்களோடு அளவளாவுங்கால் கூறும் விடைகள் அத்தகையன அல்ல. அவை வினாவுவோர் போக்கிற்கேற்பச் சிதறி எழுவன. நினைவின் துணைகொண்டே பெரும்பாலும் அமைவன. அவற்றை நூலின் உறுப்பாகக் கொள்வதா, புறச் சான்றாகக் கொள்வதா, கொள்ளாதே விடுவதா?

இதனை ஆராய்தற்கு ஏற்றதொரு சான்று, இலக்கிய உலகிற்குச் சற்றே புறம்பான துறையிற் கிடைக்கின்றது. அமெரிக்க நாட்டு விளையாட்டு நூலாசிரியர் கேரி கைகாக்ஸ் (1938-2008) தம் இறுதி ஆண்டுகளில், தம் ஆட்டத்தை விரும்பி ஆடுவோர்க்கு எழுத்து வழியாகத் தொடர்ந்து அளித்து வந்த விடைகளே அச்சான்றாகும்.

ஆட்டத்தின் இயல்பு

கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974-இல் மூன்று சிறு சுவடிகளாக ஒரு பெட்டியுள் வைத்து வெளியிடப்பெற்றது. முதற்பதிப்பு 1,000 படிகளே. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி முதலிய மாந்தருள் ஒவ்வொருவரை ஏற்பர். நடுவர் ஒரு நிலவறையையோ காட்டையோ சொல்லோவியமாகத் தீட்டுவார். ஆடுவோர் தத்தம் மாந்தர் செய்வதைக் கூறுவர். ஐயத்திற்கிடமான செயலின் முடிவு பகடையால் துணியப்படும். நான்கு முகம் முதல் இருபது முகம் வரை உள்ள பகடைகள் இதற்கு உதவும். கதை முன்னரே எழுதப்பெற்றதன்று. ஆடுங்காலத்தே பலர் கூடிப் படைப்பதாகும்.

இவ்வாட்டத்தில் விதிநூல் எவ்வளவு விரியினும் நிகழக்கூடியன அனைத்தையும் அஃது அடக்கவல்லதன்று. இதனை ஆசிரியர் இருவரும் நன்கு உணர்ந்திருந்தனர். மூன்றாம் சுவடியின் இறுதியில், ஐயம் எழுந்தால் தமக்கு எழுதிக் கேட்கலாம் என்று அறிவித்துவிட்டு, எனினும் ஆடுவோர் தம் கற்பனையால் தாமே முடிவு செய்துகொள்ளுதலே தக்கது என்னும் கருத்துப்படக் கூறியுள்ளனர். நம் இலக்கண நூலார் இயல்தோறும் இறுதியில் அமைக்கும் புறனடையோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது. கூறப்படாதவற்றையும் கூறியவற்றின் நெறி பற்றி அமைத்துக்கொள்க என்பதே புறனடையின் பொருள். ஆசிரியரிடம் வினவும் உரிமையும், வினவாமலே துணியும் உரிமையும் முதல் நூலிலேயே ஒருங்கு வழங்கப்பெற்றுள்ளன என்பது ஈண்டு மனங்கொளற்குரியது.

பதவியில் நின்று கூறிய விடை

பவணந்தியார் விடையை எண்வகையாகப் பகுத்துள்ளார். அவற்றுள் உடன்பட்டுக் கூறும் நேர்விடையும், மறுத்துக் கூறும் மறைவிடையும், தனக்கு நேர்ந்ததைக் கூறும் உற்றதுரைத்தலும், வினாயவனையே செய்யப் பணிக்கும் ஏவலும் கைகாக்ஸ் விடைகளை வகைப்படுத்தப் பெரிதும் துணை செய்கின்றன.

1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் அவ்வாட்டத்தை விரித்து, உயிரினங்களுக்கு ஒரு நூல், ஆடுவோர்க்கு ஒரு நூல், நடுவர்க்கு ஒரு நூல் என மூன்று பெருநூல்களாக யாத்தார். அக்காலத்தே அவர், ஆட்டத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவராகவும் அதன் தலைவராகவும் விளங்கினார். 1979-இல் 'டிராகன்' இதழில் எழுதிய கட்டுரையில், புதிய ஆட்டம் பழையதனின் வேறானது என்றும், யாண்டும் ஒரே முறையில் ஆடப்பெற வேண்டுவது என்றும் வலியுறுத்தினார். ஈண்டு நேரும் மறையுமே ஓங்கி ஒலிக்கின்றன. ஆடுவோர் எந்நகரிற் சென்றாலும் ஒரே விதியைக் காண வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அது பொருந்துவதே. எனினும், புதிய நூல்களின் வருவாயில் தமக்கும் பங்கு உண்டு என்று ஆர்னசன் வழக்குத் தொடுத்ததும் அதே 1979-ஆம் ஆண்டே; அவ்வழக்கு 1981-இல் உடன்பாட்டால் முடிவுற்றது. இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள் என்னும் கூற்றிற்கு இங்ஙனம் ஒரு பொருளியற் பின்னணியும் இருந்தமையின், அதனை விதி விளக்கமாக மட்டும் கொள்ளுதல் அமையாது.

மேலும், அந்த நடுவர் நூலின் முடிவுரையே எழுத்தைக் காட்டிலும் ஆட்டத்தின் உள்ளுணர்வே பெரிது என்று பேசுகின்றது. ஆகவே, கட்டுப்பாடும் உரிமையும் ஆசிரியர் உள்ளத்தில் ஒரே காலத்தில் நின்றன எனல் வேண்டும். பதவி ஒன்றனை ஓங்கச் செய்தது.

முதுமையிற் கூறிய விடை

1985-இல் கைகாக்ஸ் நிறுவனத்தின் ஆட்சியை இழந்தார், பின்னர் விலகினார். 1997-இல் அந்நிறுவனத்தையே விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2000-இல் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு பிறர் கையால் வெளிவந்தது. இதன் பின்னரே அவர் அன்பர்களின் வினாக்களுக்கு நெடிது விடையிறுக்கத் தொடங்கினார். அப்போது அவர் சொல்லுக்கு விதியை மாற்றும் ஆற்றல் ஒரு சிறிதும் இல்லை. முதியோர் என்னும் மதிப்பு ஒன்றே எஞ்சி நின்றது.

இம்மாற்றம் விடைகளின் தன்மையையே மாற்றிவிட்டது. அன்பர்கள் பெரும்பாலும் நேர்விடை வேண்டியே வினவினர். இன்ன விதிக்குப் பொருள் இதுதானா, இருவர் கொண்ட பொருளுள் எது சரி என்பன போன்றன அவ்வினாக்கள். அவரோ, தம் மேசையில் தாம் செய்ததைக் கூறி, நும் மேசையில் நுமக்கு ஏற்றதைச் செய்க என்று முடிப்பதையே வழக்கமாகக் கொண்டார். முன்னது உற்றதுரைத்தல், பின்னது ஏவல். 1974-ஆம் ஆண்டின் புறனடைக்கே முதுமையில் அவர் மீண்டார் எனலாம்.

இவற்றுள் உற்றதுரைத்தலே ஆராய்ச்சியாளர்க்குப் பெரும்பயன் தருவது. 1978-ஆம் ஆண்டு நூலில், இன்ன படைக்கலம் இன்ன கவசத்தின்மேல் எவ்வளவு தைக்கும் என்பதற்கு ஒரு விரிந்த அட்டவணை உண்டு. உளவாற்றலால் போர் புரிதற்கும் ஒரு பின்னிணைப்பு உண்டு. இவ்விரண்டையும் தாம் பொதுவாக ஆட்டத்திற் பயன்படுத்தியதில்லை என்று கைகாக்ஸ் விடையிறுத்துள்ளார். எழுதியவரே கையாளாத விதிகள் நூலில் இடம்பெற்றிருந்தன என்பது சிறிய செய்தியன்று. அவ்விரண்டும் 1978-க்கு முற்பட்ட துணைச்சுவடிகள் வழியே பெருநூலுள் வந்து சேர்ந்தவை. நூல் வேறு, வழக்கு வேறு என்பதனையும், அந்நூல் ஒருவர் வழக்கின் பதிவாக மட்டும் அமையாமல் பலர் வேட்கையின் தொகுப்பாகவும் அமைந்தது என்பதனையும் இவ்விடை புலப்படுத்துகின்றது.

ஆயின், அன்பர்களிடத்து ஒரு பிழை நேர்வதுண்டு. ஆசிரியரே பயன்படுத்தவில்லை, ஆகவே அவ்விதி செல்லாது என்று அவர்கள் துணிவர். உற்றதுரைத்தலை மறைவிடையாகத் திரித்தலே இது. ஆசிரியர் தம் செயலைக் கூறினாரேயன்றி விதியை நீக்கினாரல்லர். நீக்கும் அதிகாரம் அப்போது அவர்க்கு இல்லை. அதனை அவர் வேண்டவும் இல்லை. நும் மேசைக்கு நீரே தலைவர் என்று கூறியவரை எல்லா மேசைக்கும் தலைவராக்குதல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகத் தோன்றினும், அவர் கருத்திற்கு முரணானதே.

வரலாற்றுச் சான்றும் அதன் எல்லையும்

ஆட்டத்தின் தோற்றம் பற்றிய விடைகளை வேறு அளவுகோலால் நோக்குதல் வேண்டும். கற்ற மந்திரம் ஒருமுறை ஓதியவுடன் நினைவினின்று நீங்கிவிடும் என்னும் விதியை ஜாக் வான்ஸின் புனைகதைகளினின்றும் கொண்டதாகக் கைகாக்ஸ் கூறினார். வான்ஸின் 'தி டையிங் எர்த்' 1950-இல் வெளிவந்த நூல். 1979-ஆம் ஆண்டு நடுவர் நூலின் பின்னிணைப்பில் அவர் பெயரும் உண்டு. விடையும் பழைய ஏடும் ஒத்து நிற்றலின் இதனை ஐயமின்றிக் கொள்ளலாம்.

டோல்கீன் பற்றிய விடையோ அத்தகையதன்று. தம் ஆட்டத்தின்மேல் டோல்கீனின் தாக்கம் மிகச் சிறிதே என்று கைகாக்ஸ் பன்முறை கூறியுள்ளார். ஆனால், 1974-ஆம் ஆண்டுச் சுவடிகளில் ஹாபிட், என்ட், பால்ராக் என்னும் டோல்கீன் உலகத்துப் பெயர்கள் வெளிப்படையாகவே நின்றன. உரிமை கொண்டோர் மறுப்புத் தெரிவித்த பின்னரே அவை நீக்கப்பெற்று வேறு பெயர்கள் இடப்பெற்றன. ஆட்டத்தின் உயிர்நாடி வான்ஸ், ராபர்ட் ஹவர்ட், ஃபிரிட்ஸ் லைபர் முதலியோரிடமிருந்து வந்தது என்னும் அவர் கூற்று விதியமைப்பை நோக்கப் பெரிதும் உண்மையே. எனினும், உரிமைச் சிக்கலுக்கு உட்பட்ட ஒருவர் தம் கடன்பாட்டைச் சுருக்கிக் கூறுதல் இயல்பாதலின், அவர் நினைவினும் ஏட்டின் எழுத்திற்கே இவ்விடத்து முதன்மை தருதல் தகும்.

ஆர்னசனின் பங்கு பற்றியும் இவ்வாறே கொள்க. ஒருவர் மாந்தராகி நின்று தொடர்ந்து வளர்தல், நிலவறையுள் நுழைந்து துருவுதல் ஆகிய கூறுகள் ஆர்னசனின் 'பிளாக்மூர்' ஆட்டத்தில் 1974-க்கு முன்னரே நிகழ்ந்தன. ஆக்கியோர் இருவராயின், ஒருவர் விடையை மட்டும் கொண்டு வரலாறு வரைதல் நடுநிலையாகாது.

முடிவு

ஆக்கியோன் சொல்லே முடிந்த முடிபு என்பாரும், நூல் பிறந்த பின் ஆக்கியோன் சொல் வேண்டா என்பாரும் விடைகள் அனைத்தையும் ஒரு தன்மையவாகக் கருதுதலின் வழுவுகின்றனர். விதி இதுவென அறுதியிட்டுக் கூறும் விடை, கூறுவார் வகித்த பதவியொடு சேர்த்து நிறுக்கத் தக்கது. தாம் செய்ததைக் கூறும் விடை வழக்கிற்குச் சான்றாகும். அஃது உலகில் வேறெங்கும் கிடைக்காத சான்று. தோற்றம் உரைக்கும் விடை ஏடுகளோடு ஒத்துக் காணத் தக்கது. நீயே துணிக என்னும் விடையே இவ்வாட்டத்தின் கருத்தை முழுதும் உணர்த்துவது. அவ்விடையைப் பெற்றும் மீண்டும் நேர்விடை வேண்டி நிற்போர் ஆசிரியரை மதித்தாரேனும், அவர் தம் கையில் வைத்துச் சென்ற உரிமையை இழந்தாராவர்.