கண்ணனைக் கூப்பிடும் வேளை

கதை எழுதுகிறவனுக்குக் கடவுளைவிட ஆபத்தான பாத்திரம் வேறு இல்லை. கதாநாயகியைப் பெரிய இக்கட்டில் மாட்டிவிட்டு, மீட்க வழி தெரியாமல் பேனா தடுமாறும்போது, கோயில் மணியை ஓங்கி அடிக்கச் செய்துவிடலாம். அம்மன் வந்து காப்பாற்றிவிடுவாள். வாசகர்களும் கண்ணீர் விடுவார்கள். ஆனால் அந்த அத்தியாயத்துக்குப் பிறகு அவர்கள் எதற்கும் பயப்படமாட்டார்கள். அடுத்த இக்கட்டிலும் அம்மன் வருவாள் என்பது தெரிந்துவிட்டதே! பயம் போன இடத்தில் கதையும் போய்விடுகிறது.

அப்படியானால் கதையில் கடவுளுக்கு இடமே இல்லையா? உண்டு. ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு விதி வேண்டும். இந்த விஷயத்தில் என்னை யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று, எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்துப் பாரதக் கூத்து. மற்றொன்று, அமெரிக்காவில் பிறந்த ஒரு மேஜை விளையாட்டு.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் அதில் பைத்தியமாக இருக்கிறான். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம். பாதாளக் குகைக்குள் நுழைகிறார்கள். எதிரே பூதம் வருகிறது. வெட்டு விழுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்கிறது.

"சாகப் போகிற சமயத்தில் சாமியைக் கூப்பிட்டால்?" என்று கேட்டேன்.

"அதுக்கும் கணக்கு இருக்கு மாமா" என்றான்.

இருக்கத்தான் செய்கிறது. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய, கதை சொல்லிகளுக்கான கையேடு அந்தக் கணக்கைப் போடுகிறது. தன் தெய்வத்துக்கு உண்மையாக நடந்தவன் முதல் தடவையாகக் கூப்பிட்டால், ஏதேனும் ஒரு துணை வந்து சேர நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. தெய்வமே நேரில் வருவது அதைவிட மிக அரிது. அதற்கும் முன்பு பெற்ற உதவி ஒவ்வொன்றுக்கும் ஐந்து கழித்துவிட வேண்டும். வேறொரு தெய்வம் குடியிருக்கும் உலகத்தில் நின்று கூப்பிட்டால் வரவே வராது. எல்லைச் சாமிகளை அறிந்த நமக்கு இந்தக் கடைசி விதி ஒன்றும் புதிதல்ல!

1980-இல் தெய்வங்களுக்கென்றே தனிப் புத்தகம் வந்தது. அதில் நம் இந்திரனும் காளியும் இருக்கிறார்கள். கார்த்திகேயன் என்ற பெயரில் முருகனும் இருக்கிறான். இன்னின்னாருக்கு இவ்வளவு உயிர்ப் புள்ளிகள் என்று எண்ணிக்கை வேறு. படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் ஐந்து கழிக்கும் விதியை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. கதையை எது கெடுக்கும் என்பதை அறிந்த ஒருவன் எழுதிய விதி அது.

இனி நம் கூத்துக்கு வருவோம். கோடையில் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கள் நகரும். கூத்தில் வேஷங்கள் நினைத்த மாத்திரத்தில் களத்துக்குள் வந்துவிட முடியாது. அரசனோ, அசுரனோ, கிருஷ்ணனோ, யாராயிருந்தாலும் திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும். கட்டியங்காரன் 'நீர் யார்?' என்று கேட்க வேண்டும். கடவுளையும் நிறுத்தி விலாசம் கேட்கிற கலை இது.

கடவுளின் உதவிக்கோ இன்னும் கடுமையான விதி. அர்ச்சுனன் தபசு இரவில், அர்ச்சுனனாக வேஷம் கட்டியவர் உயர்ந்த தபசு மரத்தில் ஒவ்வொரு படிக்கும் பாடிப் பாடி ஏறுகிறார். அத்தனையும் ஏறிய பிறகு சிவன் வேடனாக வந்து, ஒரு பன்றிக்காக அவனோடு சண்டை போடுகிறார். அதன் பிறகுதான் பாசுபதம். துகில் உரியும் இரவிலோ, திரௌபதி ஒரு கையால் சேலையைப் பற்றியிருக்கும் வரை கண்ணன் வருவதில்லை. இரண்டு கையையும் விட்டுத் தலைக்கு மேல் குவித்த பிறகே சேலை வளர்கிறது. மனிதன் தன்னால் ஆனதையெல்லாம் செய்து தீர்த்த வேளை எதுவோ, அதுவே கூப்பிடும் வேளை. பகடை நூற்றுக்குப் பத்து என்கிறது. கூத்து இரண்டு கை என்கிறது. என் அபிப்பிராயத்தில் கூத்தின் கணக்கே பெரியது.

விளையாட்டாகக் கூப்பிட்டவளும் பாரதத்தில் உண்டு. துருவாசர் கொடுத்த மந்திரம் பலிக்குமா என்று பார்க்கத்தான் குந்தி சூரியனை அழைத்தாள். வந்தவன் கொடுக்காமல் போக முடியாது; குழந்தை பிறந்தது; ஆற்றில் விட்டாள். அதற்கு விலையைக் கர்ண மோட்ச இரவில், இறந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு கட்டுகிறாள். எத்தனையோ இரவுகளுக்குப் பிறகும் கதை அந்த ஒரு அழைப்பை மறக்கவில்லை.

பகடைக்கு ஒரு பெருமை உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே தெய்வம் வருமா என்பது யாருக்கும் தெரியாது. கூத்தில் கண்ணன் வருவான் என்பது மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். பிறகு எதற்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

அபிமன்யுவின் இரவைப் பாருங்கள். பதின்மூன்றாம் நாள் போர். பிள்ளை சக்கர வியூகத்துக்குள் தனியாகச் சிக்கிக்கொள்கிறான். அவன் தாய் சுபத்திரை யார்? கண்ணனின் சொந்தத் தங்கை! தேரை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான் அண்ணன். மன்றத்தில் நின்ற திரௌபதிக்கு வந்தவன், உடன்பிறந்தவளின் பிள்ளைக்கு வரவில்லை. சந்திரன் தன் மகனைப் பதினாறு வயது வரைக்கும்தான் பூமிக்குக் கொடுத்தான் என்று பிரசங்கியார் பகலில் விளக்கம் சொல்லலாம். இரவில் சுபத்திரை அழும்போது அந்த விளக்கம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுகிறார்கள். அவர்களும் கூப்பிட்டுப் பார்த்தவர்கள்தாமே? துகில் உரியும் இரவு மட்டும் இருந்திருந்தால், அந்தத் தாய்மார்களுக்குக் கூத்துக் களத்தில் இடம் இருந்திராது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஒரு நாவலில் தெய்வம் வந்து காப்பாற்றினால், அந்தப் பாத்திரம் அதற்குமுன் தன் கையால் என்ன செய்தது என்று பாருங்கள். அதே நாவலில் தெய்வம் வராமல் போன வீடு எது என்றும் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு வீட்டைக் காட்டாத ஆசிரியரை, அவர் எத்தனை பிரபலமானவராக இருந்தாலும், எழுதிக் கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.