புறநானூற்றுத் தாயின் கண்ணீர்

முதுகலை மாணவியருக்குப் புறநானூறு நடத்தத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் பெரும்பாலான ஆண்டுகள் 278ஆம் பாட்டை ஒரே மாதிரிதான் நடத்தியிருக்கிறேன். நரம்பு புடைத்து உடல் வற்றிய முதியவள் ஒருத்தி. மகன் போரில் புறங்காட்டினான் என்று ஊரார் சொல்கிறார்கள். அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சில ஆண்டுகளில் கைதட்டலும் கேட்டிருக்கிறது.

அப்படி நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அண்ணன் இராணுவத்தில் இருந்து இறந்தவன் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் அவளே வந்து பேசினாள். "பாட்டு மேல கோபமில்லை மேம். எங்க அம்மாகிட்டயும் மைக்கை நீட்டி, பெருமையா இருக்கான்னுதான் கேட்டாங்க. அம்மாவும் பெருமையா இருக்குன்னுதான் சொன்னாங்க. அது பொய் இல்ல. ஆனா அதுக்கப்புறம், 'அடுத்த மாசம் லீவுல வரேன்னு சொல்லியிருந்தான்'னும் சொன்னாங்க மேம். அது டிவியில வரல."

வெட்டப்பட்ட அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. படைவீரர்களின் தியாகத்தை நாம் எப்படிப் போற்றுகிறோம், அந்தப் போற்றுதலில் பெண்ணின் வாயிலிருந்து எதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பார்க்க நமக்குப் புறநானூற்றைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் ஒரு சங்கடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மறக்குடித் தாயைப் பாடிய புகழ்பெற்ற பாடல்கள் பலவும் பெண்கள் பாடியவை. 86 காவற்பெண்டு, 277 பூங்கணுத்திரையார், 278 காக்கைபாடினியார் நச்செள்ளையார், 279 ஒக்கூர் மாசாத்தியார், 295 ஔவையார், 312 பொன்முடியார். 'இது ஆண்கள் பெண்ணின் வாயில் திணித்த சொல்' என்று கூறி எளிதாக விலகிவிட முடியாது. இவர்களில் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தையும் பாடியவர். ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் அவர் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசிலாகப் பெற்றதாகப் பதிகம் சொல்கிறது. போரைப் பாடுவதும் புரவலனைச் சார்ந்திருப்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலம் அது. பெண் பாடினாள் என்பதாலேயே அது பெண்ணின் முழுக்குரல் ஆகிவிடாது. அரசவையின் எதிர்பார்ப்புக்குள் நின்றுகொண்டு அவள் எதைச் சொல்ல முடிந்தது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், நாம் மேடையில் கேட்டதைவிட அதிகமாகவே அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

277, 278, 295 ஆகிய மூன்று பாடல்களுக்கும் திணை தும்பை, துறை உவகைக்கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்றால் அழுகை. 'வீரத்தாய்' என்று மேடைகள் கொண்டாடும் 278ஆம் பாட்டின் துறைப்பெயரிலேயே அழுகை இருக்கிறது. நான் பல ஆண்டுகள் துறையைத் தேர்வுக்கான குறிப்பாக மட்டும் எழுதிப்போட்டுவிட்டுக் கடந்திருக்கிறேன். கேட்டால் 'ஆனந்தக் கண்ணீர்' என்று சொல்லியிருப்பேன்.

அந்த விளக்கத்தை 277 ஏற்பதில்லை. ஆறே அடிகள் கொண்ட பாட்டு. கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தலை உடைய முதியவளுக்குச் செய்தி வருகிறது: உன் சிறுவன் யானையை வீழ்த்தி, தானும் வீழ்ந்தான். அவளுக்கு உண்டான மகிழ்ச்சி அவனை ஈன்ற நாளின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்கிறார் புலவர். அதோடு நிறுத்தவில்லை. அவள் கண்ணீரோ, மழை பெய்து ஓய்ந்தபின் அசையும் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிடப் பல என்கிறார். மகிழ்ச்சிக்கு ஓர் அளவு, கண்ணீருக்கு வேறோர் அளவு. இரண்டும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 'ஆனால்' என்றோ 'அதனால்' என்றோ ஒரு சொல் கொண்டு புலவர் அவற்றை இணைக்கவில்லை. மகிழ்ச்சி கண்ணீரை வெல்லவுமில்லை, கண்ணீர் மகிழ்ச்சியைப் பொய்யாக்கவுமில்லை. என் மாணவி சொன்ன 'அது பொய் இல்ல, ஆனா அதுக்கப்புறம்' என்பது இதுதான்.

295இல் ஔவையார் காட்டும் தாய்க்கு, களத்தில் சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் வற்றிய முலை மீண்டும் ஊறிச் சுரக்கிறது. மறத்தின் பெருமிதம் என்றே இதற்குப் பொருள் சொல்லி வந்திருக்கிறோம். பாலூட்டிய எவரும் இதை இன்னொரு விதமாகவும் வாசிப்பார்கள். பிள்ளை அழுதால் உடல் தானாகச் சுரக்கும். அந்தத் தாயின் உடலுக்கு முன்னால் கிடப்பவன் இன்னும் பசித்த குழந்தைதான். ஊர் அவனை வீரன் என்கிறது, அவள் உடலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

279ஐயும் திரும்பிப் பார்க்கலாம். முன்னொருநாள் தந்தை யானையை வீழ்த்தி மடிந்தான். அண்மையில் நடந்த போரில் கணவன் மடிந்தான். இன்று போர்ப்பறை கேட்டதும், ஒரே மகனுடைய குடுமியில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்குப் போ என்று அனுப்புகிறாள். மூதின்முல்லைத் துறைக்கு இதைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் இந்தப் பாட்டு அவளுடைய எண்ணம் கெடுக என்று ஒரு சாபத்தோடு தொடங்குகிறது, அவள் துணிவு கடுமையானது என்கிறது. இகழ்வதுபோலப் புகழ்தல் என்று உரைகள் இதைச் சமாதானம் செய்கின்றன. பறை கேட்டு அவள் விருப்புற்றாள் என்று சொல்லும் இடத்திலேயே மயங்கினாள் என்றும் பாட்டு சொல்கிறது. இரண்டு இழவு கண்ட வீட்டில் ஒருத்தி எடுக்கும் முடிவைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவள் 'அடிப்பாவி' என்று பதறுகிற குரலாக அந்தத் தொடக்கத்தை ஏன் கேட்கக் கூடாது? புகழும் பதற்றமும் ஒரே வாயில் வரக்கூடியவைதான்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தாய் ஏட்டிலிருந்து இறங்கி மேடைக்கு வந்தாள். 'புறநானூற்றுத் தாய்' என்பது பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஈழத்தில் ஆயுதப் போராட்டம் வளர்ந்தபோது அங்கும் இந்தத் தாய் அழைக்கப்பட்டாள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணியாகத் திரண்ட பெண்கள் கேட்டது வேறு. அரசப் படை பிடித்துப்போன பிள்ளைகளைத் திருப்பித் தா என்று கேட்டார்கள். பிள்ளையை அனுப்பும் தாய்க்கு இலக்கியத்தில் பட்டம் இருந்தது, பிள்ளையைத் திரும்பக் கேட்கும் தாய்க்கு அப்படி ஒன்று இல்லை. இந்தியாவில் 1999 கார்கில் போரைத் தொலைக்காட்சி வீட்டுக்குள் கொண்டுவந்தது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர்களுக்கு வந்தன. அந்தத் தாய்மார்கள் முன் நீட்டப்பட்ட மைக்கும் 'இன்னொரு மகன் இருந்தால் அவனையும் அனுப்புவேன்' என்ற பதிலுக்காகத்தான் காத்திருந்தது. கொடிகள் வேறு, படைகள் வேறு. தாயிடம் கேட்கப்பட்ட வசனம் மட்டும் ஒன்றுதான்.

தாய்க்கு வசனம் என்றால் மனைவிக்கு நோன்பு. பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு (246), தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்மை வாழ்க்கையைப் பட்டியலிட்டுக் காட்டுகிறாள். நெய் படாத நீர்ச்சோறு, வேளைக்கீரை, பாய் விரிக்காத கல்படுக்கை. இந்த வாழ்க்கையைவிடத் தீ எனக்குக் குளம் என்கிறாள். இதைக் கற்பின் உச்சமாகப் பாடம் நடத்துகிறோம். கைம்பெண்ணை ஒரு சமூகம் எப்படி வாழவைத்தது என்பதன் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாக அதை நடத்துவதில்லை.

அது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. வீரதீர விருது பெற்றவர் இறந்தால் அவர் மனைவிக்கு விருதுக்கான உதவித்தொகை தொடர்ந்து வழங்கப்படும். 1995இன் விதிப்படி அவள் மறுமணம் செய்துகொண்டால் அந்தத் தொகை நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும். கணவன் காட்டிய வீரத்துக்கான தொகை, மனைவி யாரோடு வாழ்கிறாள் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கி, அவள் வாழும்வரை தொகை உண்டு என்று ஆக்கியது. தாபத நிலை என்று புறத்துறைகள் பெயரிட்ட நோன்பு, அரசாணையின் மொழியில் அதுவரை இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

பெண் தானே படையில் சேவை செய்ய வந்தபோது என்ன நடந்தது? பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கோரிய வழக்கில், கர்ப்பம், தாய்மை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றை அரசுத் தரப்பு தடையாகக் காட்டியது. கிராமப்புறங்களிலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்றும் வாதிட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் இவற்றைப் பாலினம் குறித்த பழைய முன்முடிவுகள் என்று தள்ளிவிட்டுப் பெண்களுக்கு நிரந்தரப் பணியை உறுதிசெய்தது. மகனை அனுப்பும்போது எந்தத் தாய்மை தேசத்தின் பெருமையாக இருந்ததோ, அந்தத் தாய்மையே அவள் வாசலுக்கு வந்ததும் தகுதிக்குறைவாக மாறியது.

இவ்வளவும் சொல்வது படைவீரரின் சேவையைக் குறைப்பதற்காக அல்ல. பனியிலும் எல்லையிலும் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் மாணவியரின் அண்ணன்மார்தான். வேளாண்மை பொய்த்த வீடுகளிலிருந்து, ஒரு நிலையான சம்பளத்துக்காகவும் ஒரு மரியாதைக்காகவும் போனவர்கள். அவர்களை உண்மையில் மதிப்பது எப்படி என்பதற்குப் பொன்முடியாரின் 312ஐவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை. பெற்றுப் புறந்தருவது தாயின் கடன். சான்றோனாக்குவது தந்தையின் கடன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். வேந்தனுக்கும் ஒரு கடன் உண்டு. அந்த அடிக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 'நன்னடை' என்று கொண்டால் நல்லொழுக்கம் தருவது. 'தண்ணடை' என்று கொண்டால் மருதநிலத்து ஊரைத் தருவது. பொருளாதாரம் தெரிந்த பாடம் இரண்டாவது. வீரனுக்கு வாழ்வாதாரம் தருவது அரசின் கருணை ஆகாது, அது கடன். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுச் சேவைக்குப் பின் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் 25 விழுக்காட்டுக்குள்தான். வெளியே வரும் மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. தாயின் கடனையும் மகனின் கடனையும் மனப்பாடம் செய்த நாம் வேந்தனின் கடனை விட்டுவிட்டோம்.

மகனின் கடனையாவது சரியாகப் படித்தோமா? போரில் யானையை வீழ்த்திப் பெயர்தல் என்கிறார் பொன்முடியார். பெயர்தல் என்றால் திரும்பி வருதல். இறப்பது அவனுடைய கடன் என்று அந்தத் தாய் சொல்லவேயில்லை. வீழ்த்திவிட்டு வீட்டுக்கு வா என்கிறாள். தேர்வுத்தாளில் 'ஐவரின் கடமைகளை விளக்குக' என்று கேட்டுக் கேட்டு அந்த ஒரு சொல்லின் மேல் நான் எத்தனை முறை நடந்து போயிருக்கிறேன்!

இப்போது 278ஐ நடத்தும் வகுப்பில் 277ஐயும் சேர்த்தே நடத்துகிறேன். துறைப்பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதன் இரண்டு பாதிகளுக்கும் தனித்தனியாகப் பொருள் சொல்கிறேன். கைதட்டல் வருவதில்லை. 312க்கு வரும்போது பெயர்தல் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொல்கிறேன். அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அடுத்த மாதம் விடுப்பில் வருவதாகச் சொன்ன மகனைப் பற்றி அவள் அம்மா சொன்ன வாக்கியத்துக்கு, நம் இலக்கியத்தில் நான் கண்ட மிக நெருங்கிய உரை அந்த ஒற்றைச் சொல்தான்.