எந்தப் பாம்பு?

தமிழ்க் கதைகளில் பாம்பு அடிக்கடி வருகிறது. சீறுகிறது, படமெடுக்கிறது, யாரையாவது கடித்துக் கதையை முடித்து வைக்கிறது. அது எந்தப் பாம்பு என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இராது. கதைக்கு அது போதும் என்பார்கள். போதாது என்பது என் அபிப்பிராயம்.

ஜீவராசிகளைப் பற்றிய வர்ணனைக்கு லட்சணம் எது என்று யோசிக்கிறபோது எனக்கு நினைவு வருவது நாவல் அல்ல. 1796-ல் லண்டனில் வெளியான பாட்ரிக் ரஸ்ஸலின் புஸ்தகம். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றியது. ரஸ்ஸல் ஸ்காட்லாந்துக்காரர், வைத்தியர். கம்பெனியின் சேவையில் விசாகப்பட்டினத்தில் இருந்தவர். கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்க விட்டு விஷத்தின் வேகத்தைக் குறித்துக்கொண்டார். இன்று படிக்க மனசு கூசுகிறது. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் பெரியது. பாம்புகளுக்கு அந்தச் சீமை ஜனங்கள் சொன்ன பெயரையே எழுதி வைத்தார். தெலுங்கு ஜனங்கள் பொன் நிறத்தை வைத்துச் சொன்ன ‘பங்காரு’ என்ற சொல்தான் ‘பங்காரஸ்’ என்று கட்டுவிரியன் வகைக்கு விஞ்ஞானப் பெயராக இன்றும் நிற்கிறது.

இவருக்கு நேர் எதிர், மால்கம் ஸ்மித் 1943-ல் வெளியிட்ட பாம்புத் தொகுதி. செதில்களின் வரிசையை எண்ணி இனம் பிரிக்கிறார். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் செதிலை எண்ண வேண்டுமானால் பாம்பு கையில் இருக்க வேண்டும். அதுவும் செத்துப்போய் இருப்பது நல்லது!

இந்தப் புஸ்தகங்களை மனசில் வைத்துக்கொண்டு ஒரு நாள் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே மேட்டாங்காடுகளில் சுற்றினேன். விலங்கியல் படித்த நண்பர் ஒருவர் கூட வந்தார். கோடை மழை பெய்த மறுநாள். கிழக்கே கொல்லிமலை கழுவி வைத்தாற்போல் தெரிந்தது. கள்ளி வேலியோரம் ஒரு சிறிய ஓணான் கல்மேல் ஏறித் தொண்டைச் சவ்வை விசிறிபோல விரித்து மூடிக்கொண்டிருந்தது. இந்த வகையைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு 2016-ல் ‘சிட்டானா விசிறி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்றார் நண்பர். நம் பனையோலை விசிறிதான். விஞ்ஞானிகளுக்குத் தமிழ்ச் சொல் வேண்டியிருக்கிறது. எழுத்தாளர்களுக்கு ‘ஏதோ ஓர் ஓணான்’ போதுமாக இருக்கிறது.

பிற்பகலில், கிணற்று மேட்டுக் கற்குவியலில் ஒரு சின்னப் பாம்பு தென்பட்டது. உடம்பில் வெள்ளைப் பட்டைகள். தோட்டக்காரர் தடியோடு வந்துவிட்டார். “ஏனுங்க, கட்டுவிரியனுங்க அது. கிட்டப் போகாதீங்க” என்றார்.

கிட்டப் போகாதே என்றது முழுக்கச் சரி. நண்பரும் எட்டி நின்றே பார்த்தார். கட்டுவிரியனுக்குப் பட்டைகள் பெரும்பாலும் தலையைவிட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கி, வாலை நோக்கித் தெளிவாகும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே தொடங்கி வாலை நோக்கி மங்கும். இது பின்னது. தடி கீழே இறங்கிற்று. அரை மணி நேரத்தில் பாம்பு தன் வழியே போயிற்று.

என் விமரிசனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரஸ்ஸலின் வர்ணப் படங்களில் பாம்பு வெள்ளைக் காகிதத்தில் கிடக்கிறது. கல் இல்லை, வேலி இல்லை, பொழுது இல்லை. ஸ்மித்திடம் செதில் இருக்கிறது, பாம்பின் நடமாட்டம் அகப்படுவது சிரமம். 2004-ல் ராமுலஸ் விட்டேகரும் அசோக் கேப்டனும் வெளியிட்ட கையேட்டில் உயிருள்ள பாம்பின் புகைப்படம் இருக்கிறது; எட்டி நின்று பார்ப்பவனுக்கு அது உதவும். ஆனால் அது இங்கிலீஷில் இருக்கிறது. தடி வைத்திருப்பவர் தமிழில் இருக்கிறார்.

இது ரசனைப் பிரச்னை மட்டும் அல்ல. கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்திருப்பவனை அது கடித்தால் வலி அநேகமாகத் தெரியாது. ‘ஏதோ பூச்சி’ என்று திரும்பிப் படுத்துவிடுவான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அதில் கழிந்துவிடும். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்து மருந்து உண்டாகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது ஒரே மருந்து. கடிபட்டவன் பாம்பின் பெயரைத் தேடி நிற்க வேண்டியதில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைச் சொல்லாமல், கொம்பேறி மூக்கன் மரத்தின்மேல் ஏறிச் சுடுகாட்டைப் பார்க்கும் என்றும், அரணை கடித்தால் மரணம் என்றும் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டுமே மனிதனுக்கு ஆபத்தில்லாத பிராணிகள்.

பட்டை எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது என்று சொல்கிற ஒரு வாக்கியம், அன்று ஒரு பாம்பைக் காப்பாற்றிற்று. அப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதத் தமிழ் உரைநடைக்குச் சக்தி இருக்கிறது. பார்க்கிற கண்தான் குறைவு. அடுத்த முறை தன் கதையில் பாம்பை விடுகிற எழுத்தாளர் ஒருவராவது, எந்தப் பாம்பு என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டால் நல்லது.