ஒளித்தலைவனும் ஒளித்து வைத்த பொறிகளும்

மாயக்கதை என்றாலே முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. பறக்கும் தேரும் பகையழிக்கும் வேலும் புராணிகருக்குப் போதும், பகுத்தறிவாளனுக்கு எதற்கு என்பது அவர்தம் கேள்வி. அவர்கள் கையில் ஒரு நூலைக் கொடுக்க எனக்கு ஆசை. அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி 1967-இல் வெளியிட்டு, 1968-இல் ஹியூகோ பரிசு பெற்ற 'லார்ட் ஆஃப் லைட்' என்னும் புதினமே அது.

தொலைவிலே ஒரு கோள். அங்கே பிரம்மன் ஆள்கிறான், எமன் உயிர் பறிக்கிறான், அக்கினி எரிக்கிறான். தொடக்கத்தில் புராண மணம் மூக்கைத் துளைக்கிறது. பக்கம் புரளப் புரளத் திரை விலகுகிறது. யார் இந்தக் கடவுளர்? இவர்களின் மூலவர்கள், பூமியிலிருந்து வந்த விண்கலத்தின் பழைய பணியாளர்கள்! உடல் தளர்ந்தால் மனத்தைப் புதிய உடலுக்கு மாற்றும் பொறி அவர்கள் கையில் இருக்கிறது. மக்களுக்கோ காசு போட்டால் வழிபாட்டை ஏற்கும் எந்திரம் இருக்கிறது. புதிய உடல் வேண்டி வருவோரின் நினைவுகளை ஊழ்வினைத் தலைவர்கள் கருவி கொண்டு துருவுகின்றனர். பணிந்தவனுக்கு நல்லுடல், பணியாதவனுக்கு நோயுடல், அல்லது நாயுடல்! அச்சுப்பொறியை மக்கள் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கின்றனர். விண்ணவர் மீண்டும் மீண்டும் அழிக்கின்றனர்.

இவ்விடத்தில் நூலை மூடிவிட்டு நெடுநேரம் எண்ணினேன். மாயக்கதையையும் அறிவியல் கதையையும் ஆசிரியர் ஏன் கலந்தார்? கலவையே இங்கு கருத்து. இயக்கும் முறை அறிந்தவனுக்கு அது பொறி. அம்முறை மறைக்கப்பட்டவனுக்கு அது தெய்வ அருள். இரு கதைவகைகளும், மேலிருப்போனும் கீழிருப்போனும் ஒரே பொருளைக் காணும் இரு காட்சிகளன்றோ!

எனினும், பாராட்டோடு முடிக்க மனம் வரவில்லை. விண்ணவரை எதிர்க்கும் சாம், அவர்களோடு வந்த முதற்குடிகளுள் ஒருவன். புத்தர் வேடம் பூண்டு, தான் நம்பாத நெறியை ஊருக்கு உரைக்கிறான். அவனைக் கொல்ல வந்த ரில்ட் அதே நெறியில் மெய்யாகவே தெளிவு பெறுகிறான். விதைத்தவனிடம் இல்லாத உண்மை, விளைச்சலில் இருக்கிறது. நூலில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி அது.

ஆனால், பொய்யை வீழ்த்த இன்னொரு பொய்தானா படை? அம்பேத்கர் 1935-இல் தம் முடிவை அறிவித்தார். இருபத்தோராண்டுகள் கற்றார், ஆராய்ந்தார், வாதிட்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். இலட்சக்கணக்கானோர் தம் காலால் நடந்து வந்து உடன் நின்றனர். அங்கே வேடம் இல்லை. ஜெலாஸ்னியின் கோளிலோ மக்கள் கதையின் ஓரத்தில் முகமின்றி நிற்கின்றனர். அவர்களுக்கு அறிவைப் பெற்றுத்தர மேலோருள் ஒருவனே இறங்கி வர வேண்டியிருக்கிறது. அவதாரக் கதையை உடைக்கப் புறப்பட்டவர், அவதாரத்துக்கே ஓர் இருக்கை ஒதுக்கிவிட்டார்!

ஆயினும் படியுங்கள், தோழர்களே! படித்தபின் ஒன்றைக் கேளுங்கள்: அழிக்க அழிக்க அச்சுப்பொறியைக் கண்டுபிடித்தானே, அந்தப் பெயரற்ற தொழிலாளி, அவன் கதை எங்கே? ஜெலாஸ்னி அதை எழுதவில்லை. எழுத வேண்டிய பேனா நம் இளைஞர் கையில் இருக்கிறது.