தொட்டிக்குள் குடியிருக்க வைத்த நாவல்

பழங்குடி மக்களைப் பற்றிய நாவல்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்கும். சில, காட்டைத் திருவிழாக் கோலத்தில் காட்டும். சில, முதல் பக்கத்திலேயே அழத் தொடங்கிவிடும். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் தமிழில் இந்த வகையில் அதையே முதலில் வைப்பேன்.

அதன் அழகு அமைப்பில் இருக்கிறது. முதல் பாகத்தில் வீரப்பன் வேட்டை இன்னும் வரவில்லை. சத்தியமங்கலம் மலைக்காட்டில் சோளகர்கள் ராகி விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள். தொட்டி எனப்படும் அந்தக் குடியிருப்பின் தலைவரான கொத்தல்லியின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. கதையின் நாயகன் சிவண்ணா நம் கண்ணெதிரில் வளர்கிறான். வனத்துறையின் கட்டுப்பாடு இறுகுகிறது, விளைநிலம் வெளியாள் கைக்குப் போகிறது. காடு தங்களுடையது என்று அந்த மக்கள் எங்கும் முழங்குவதில்லை. எந்த மண்ணில் எப்போது விதைப்பது, எந்தத் தெய்வம் எங்கே இருக்கிறது என்ற அறிவே அவர்களுடைய உரிமைப் பத்திரம். பட்டா கேட்கும் அரசுக்கு அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரியவில்லை.

பாலமுருகன் வழக்கறிஞர், மனித உரிமைச் செயல்பாட்டாளர். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் கொடுமைகளை நேரில் கேட்டறிந்தவர். அந்தச் சாட்சியங்களோடு கதையைத் தொடங்கியிருந்தால் நல்ல ஆவணம் ஒன்று கிடைத்திருக்கும். அவரோ பாதி நாவல் வரை பொறுத்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் சிவண்ணாவின் மனைவி மாதியையும் அவள் மகள் சித்தியையும் அதிரடிப்படை முகாமுக்கு இழுத்துச் செல்லும்போது, நமக்குப் பழக்கமான வீட்டுக்குள் காவலர்கள் நுழைந்ததுபோல் நெஞ்சு பதறுகிறது. சித்திரவதையைச் சொல்லும் இடத்தில் அவருடைய வாக்கியங்கள் இன்னும் குறுகுகின்றன. உவமை கிடையாது, ஆசிரியரின் கோபம்கூடக் கிடையாது. இந்தக் கட்டுப்பாடு எளிதில் வராது. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அந்த எண்களுக்குள் எத்தனை அடுப்புகள் அணைந்தன என்பதை நாவல்தான் உணர்த்துகிறது.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963) வேறு ரகம். மின்துறைப் பொறியாளரான கணவரின் பணியை ஒட்டி நீலகிரியில் வாழ்ந்தவர் அவர். படகர்களின் ஹட்டி எனப்படும் ஊர்களின் வாழ்க்கையை அருகிருந்து பார்த்து எழுதினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு காலத்தை அளப்பது நாவலுக்கு அருமையான எலும்புக்கூடு. இங்கே துப்பாக்கி இல்லை. தேயிலையும் பணமும் படிப்பும் வருகின்றன, பழைய ஒட்டுறவு உள்ளிருந்தே தளர்கிறது. சில பக்கங்களில் வர்ணனை அளவு மீறுவது உண்மைதான். ஜோகி போன்ற பாத்திரத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். படகர்கள் இன்று அரசின் பழங்குடிப் பட்டியலில் இல்லை, சேர்க்கக் கோரி நெடுநாளாகக் குரல் கொடுக்கிறார்கள். பட்டியல் எதைச் சொன்னாலும், ஒரு சமூகம் தன்னை எப்படி ஒன்றாக உணர்கிறது என்பதற்கு இந்த நாவல் நல்ல சாட்சி.

இவர்கள் இருவரும் வெளியிலிருந்து போனவர்கள். உள்ளிருந்தே ஒருவர் எழுதினால் என்ன மாறும் என்பதற்கு நாராயணின் ‘கொச்சரேத்தி’யைப் (1998) படிக்க வேண்டும். அவர் கேரளத்தின் மலையரையர் சமூகத்தைச் சேர்ந்தவர், அஞ்சல் துறையில் பணியாற்றியவர். வெளியாளுக்கு வியப்பாகத் தெரியும் சடங்கை அவர் வெகு இயல்பாகத் தாண்டிப் போகிறார். நில வரியும் கடனும் வந்தால் நின்று எழுதுகிறார். தம் மக்களின் பிழைகளை மறைப்பதும் இல்லை. நாவலில் வரும் தம்பதியின் மகள் பார்வதி படித்து வேலைக்குப் போய் மலையை விட்டு விலகுவதை அவர் துரோகமாகவும் எழுதவில்லை, முன்னேற்றமாகவும் கொண்டாடவில்லை. பெற்றோரின் தவிப்பும் மகளின் நியாயமும் ஒரே அளவு கனத்தோடு நிற்கின்றன. வெளியிலிருந்து எழுதுகிறவர் இந்த இடத்தில் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.