ஒரு ஜட்ஜின் யோக்கியதை

நாவல் எழுதுகிறவனுக்குக் கோர்ட்டுத் தீர்ப்புகளில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குச் சட்டம் தெரியாது. கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன். ஆனாலும் தீர்ப்புகளைப் படிக்கிற பழக்கம் உண்டு. அவற்றில் மனிதர்கள் வருகிறார்கள், பொய் சொல்லுகிறார்கள், அகப்பட்டுக் கொள்ளுகிறார்கள். கதைக்கு வேறென்ன வேண்டும்?

சமீபத்தில் அப்படிப் படித்தது, 1992 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் வழங்கிய ஒரு தீர்ப்பு. குமார் பத்ம பிரசாத் என்ற வக்கீல் இந்திய சர்க்கார் மீது தொடுத்த வழக்கு. கௌஹாத்தி ஹைகோர்ட்டுக்கு ஒருவரை ஜட்ஜாக நியமிக்கிறார்கள். அவர் பெயர் நமக்கு வேண்டாம். ராஷ்டிரபதியின் உத்தரவும் வந்துவிட்டது. பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் வக்கீல் குறுக்கே நின்று, இவர் ஜட்ஜாக முடியாது என்று மனுப் போடுகிறார்.

ஏன் முடியாது? அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் புரியும். இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். பத்து வருஷம் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது பத்து வருஷம் ஹைகோர்ட்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இவரோ மிஜோராம் சர்க்காரில் சட்டச் செயலாளர். வக்கீல் தொழில் செய்தவர் அல்ல. தாம் வகித்ததும் நீதித்துறைப் பதவிதான் என்பது அவர் கட்சி. அது சர்க்காரின் கைக்குள் அடங்கிய உத்தியோகம், நீதித்துறைப் பதவி என்பது அந்தக் கைக்கு எட்டாததாக இருக்க வேண்டும் என்று மூன்று ஜட்ஜுகள் சொல்லி, நியமனத்தை ரத்துச் செய்துவிட்டார்கள்.

சட்ட நிபுணர்கள் இந்த வியாக்கியானத்துக்காக அந்தத் தீர்ப்பைப் படிப்பார்கள். நான் நின்றுவிட்ட இடம் வேறு. சர்க்கார் ஃபைலைத் தருவித்துப் பார்த்த ஜட்ஜுகள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த மனிதரின் பூர்வோத்தரம் முழுவதும் ஃபைலிலேயே ஒரு காகிதத்தில் இருக்கிறது! அதை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், தகுதி இல்லை என்று தெரிந்திருக்கும். கவர்னர், ஹைகோர்ட்டின் தலைமை ஜட்ஜ், இந்தியாவின் தலைமை ஜட்ஜ் எல்லோரையும் கலந்தாக வேண்டிய விஷயம் அது. கல்யாணப் பந்தியில் நாலு பேர் பரிமாறினால் சில சமயம் உப்பை மட்டும் யாருமே வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் போனவர் வைத்திருப்பார் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. இந்தக் கதையில் வில்லன் என்று தனியாக ஒருவரும் இல்லை.

சுதந்திர இந்தியாவில் இப்படியொரு வேதனையான கடமை தங்களுக்கு முதல் தடவையாக வாய்த்திருப்பதாக ஜட்ஜுகள் எழுதுகிறார்கள். அவர்கள் வேதனை இருக்கட்டும். நான் அந்த வக்கீலை நினைத்துக் கொள்ளுகிறேன். வழக்குத் தோற்றிருந்தால்? யாரை ஜட்ஜாக முடியாது என்றாரோ, அவர் முன்னாலேயே போய்க் கட்சிக்காரனுக்காகக் கை கட்டி நின்றிருக்க வேண்டியவர். அப்படி ஒரு ஆள் துணிந்திராவிட்டால் அந்தக் காகிதத்தை யாரும் திருப்பியே பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் பாஷையில் யோக்கியதை என்று ஒரு சொல் இருக்கிறது. உத்தியோக விளம்பரத்தில் வந்தால் அதற்குப் படிப்பு, அனுபவம் என்று பொருள். தெருச் சண்டையில், 'என்னைக் கேட்க உனக்கு என்னடா யோக்கியதை?' என்று வந்தால் பொருளே வேறு. சட்டம் இந்த இரண்டையும் வெட்டிப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று தகுதி, மற்றொன்று பொருத்தம். தகுதி உண்டா என்று கோர்ட் பார்க்கும், பொருத்தத்தை விசாரிக்காது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2023 பிப்ரவரி 7-ஆம் தேதி இந்தப் பிரிவினையின் விளைவைச் சென்னையில் பார்த்தோம். மதுரையில் வக்கீலாக இருந்த ஒரு பெண்மணியைச் சென்னை ஹைகோர்ட்டுக்கு நியமித்திருந்தார்கள். சிறுபான்மை மதத்தாரைப் பற்றி அவர் முன்பு பகிரங்கமாகப் பேசிய பேச்சுக்களைக் காட்டி, சில வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். டில்லியில் வாதம் நடந்த அதே காலை வேளையில் சென்னையில் பிரமாணமும் நடந்தது. இது பொருத்தம் பற்றிய கேள்வி என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஜாதகப் பொருத்தத்தை முகூர்த்த வேளையிலா பார்ப்பது என்று கேட்டால், கேள்வி நியாயந்தான். ஆனால் அதற்கு முன்னால் ஜாதகத்தை நம்மிடம் யார் காட்டினார்கள்?

எனக்கு அந்தத் தீர்ப்பில் திருப்தியில்லை. ஆனாலும் பொருத்தம் என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. 1878-ல் திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டில் ஜட்ஜானார். அந்த ஸ்தானத்துக்கு வந்த முதல் இந்தியர். கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, சிறு வழக்குக் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவர். அந்தக் காலத்துச் சட்டம் அப்படிப்பட்டவருக்கும் இடம் கொடுத்திருந்தது. அப்படியும் வெள்ளைக்காரர் பத்திரிகைகள் அவருக்கு இது ஏற்காது என்று கூச்சல் போட்டன. ஆத்திரம் பொறுக்காமல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சடித்தார்கள். 'ஹிந்து' பத்திரிகை அப்படித்தான் பிறந்தது. முத்துசாமி ஐயர் பின்னால் தலைமை ஜட்ஜாகவும் சில காலம் பொறுப்பு வகித்தார். அன்றைக்கு எதிர்த்தவர்கள் மட்டும் என்ன சொல்லியிருப்பார்கள்? பொருத்தம் இல்லை என்பதைத்தானே வேறு வார்த்தையில் சொன்னார்கள்?

இரண்டும் ஒன்றாகிவிடுமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆகாது. ஒரு மனிதர் எந்தத் தோலில் பிறந்தார் என்பதற்கு அவர் ஜவாப்தாரி அல்ல. என்ன பேசினார், என்ன எழுதினார் என்பதற்கு ஜவாப்தாரி. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் முத்துசாமி ஐயரின் தீர்ப்புகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இதோ இங்கே தவறினார் என்று காட்டியிருந்தால் நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.

எழுத்தைப் பார்த்து ஆளை எடை போடுவது என் தொழில். மோசமான நாவலாசிரியன் தனக்குப் பிடிக்காத பாத்திரத்துக்கு அசட்டு வசனமாகக் கொடுத்துவிட்டு, அதைத் தானே தோற்கடித்துச் சந்தோஷப்படுவான். தீர்ப்பிலும் இதே சூட்சுமந்தான். தோற்கப் போகிற கட்சியின் வாதத்தை முழு பலத்தோடு எழுதிக் காட்டிவிட்டு, பிறகு அதற்குப் பதில் சொல்லுகிறாரா, அல்லது அதை முதலிலேயே நோஞ்சானாக்கி விடுகிறாரா என்று நான் பார்ப்பேன். தோற்றவன் அந்தத் தீர்ப்பைப் படித்து, 'நான் சொன்னதை இவர் கேட்டிருக்கிறார்' என்று எழுந்து போக வேண்டும். 1992 தீர்ப்பில் அந்தச் செயலாளரின் கட்சியும் ஒளிக்கப்படவில்லை, சொல்லித்தான் மறுத்திருக்கிறார்கள்.

யாரை ஜட்ஜாகச் சிபாரிசு செய்கிறோம் என்ற தீர்மானங்களை 2017 அக்டோபரிலிருந்து சுப்ரீம் கோர்ட் கொலீஜியம் வெளியிட்டு வருகிறது. நல்ல காரியம். அதோடு, அந்த வக்கீல் எழுதிய வாதங்களிலிருந்து ஒரு பத்துப் பக்கத்தையும் சேர்த்து, பிரமாணத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே வெளியிடட்டும். அவர் தோற்ற வழக்காக இருந்தால் இன்னும் விசேஷம். காசு கொடுத்தாவது வாங்கிப் படிக்க நான் தயார்.