தக்மீஸும் ஓர் இசைத்தொகுப்பும்

இரு மரபுகளை ஒரு படைப்பினுள் கொண்டுவர முனைவோர் ஒரு வினாவிற்கு விடை கூறியே ஆக வேண்டும். அவற்றுள் எது வீட்டுக்காரர், எது விருந்தாளி? இளையராஜா 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் இசைத்தொகுப்பை அண்மையில் மீண்டும் செவிமடுத்தபோது இவ்வினாவே நம்முன் நின்றது.

அது வெளிவந்த காலத்தில், மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நமக்கு ஏமாற்றமே அளித்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் திரையுலகில் நுழைந்தவர் இளையராஜா. திண்டுக்கல்லின் தேநீர்க் கடைகளில் பொழுது முழுதும் அவருடைய பாடல்களே ஒலித்தன. அப்பெயரை நம்பி ஒலிநாடாவைக் கேட்டால், பத்து வாத்திய இசைகள்; பாடுவார் இல்லை; பல்லவியும் சரணமும் இல்லை. அந்த ஏமாற்றம் காரணமற்றதன்று. பாட்டை எதிர்பார்த்த செவிக்கு அங்கே பாட்டு இல்லை என்பது உண்மைதானே!

இசை கேட்பதன் சட்டநிலை பற்றிய வாதம் பழமையானது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் அதற்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அவ்வாதத்தில் நாம் இங்குப் புகவில்லை. படைப்பின் அமைப்பு ஒன்றே நம் நோக்கம்.

இத்தொகுப்பு தியாகராஜருக்கும் (1767–1847), ஜெர்மானிய இசைமேதை பாகிற்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. இவ்விருவர் மரபுகளும் எளிதில் இணங்குவன அல்ல. கர்நாடக இசை ஒற்றை இழையில் நடப்பது. சுரத்தை அசைத்து, வளைத்து, கமகத்தால் உயிரூட்டுவது. பாகின் இசையோ பல இழைகள் ஒரே நேரத்தில் தனித்தனியே நடந்தும் முரணாமல் பொருந்துவது. சுரங்கள் அசைந்தால் இழைகளின் பொருத்தம் குலையும். அசையாவிடில் இராகம் வாடும். இச்சிக்கலை உணர்ந்தோர்க்கே இம்முயற்சியின் அருமை விளங்கும்.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதியில், பாக் தனி வயலினுக்கென இயற்றிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை வி. எஸ். நரசிம்மன் வாசிக்கிறார். அதனைச் சூழ இளையராஜாவின் இழைகள் புதியனவாய் எழுகின்றன. இதைக் கேட்டபோது நமக்கு அரபுக் கவிதையின் தக்மீஸ் நினைவிற்கு வந்தது. முன்னோரின் பைத்தைச் சிதைக்காமல், அதன் இரண்டு அடிகளுக்கு முன் தம்முடைய மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவதே தக்மீஸ். காயல்பட்டணத்து ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் வித்ரிய்யாவிற்கு இயற்றிய தக்மீஸ் நம் மக்கள் அறிந்ததே. மூலம் முழுமையாய் நிற்க வேண்டும். சேர்த்தவரின் குரலும் தாழக்கூடாது. இப்பகுதி அவ்விரு நிபந்தனைகளையும் நிறைவேற்றுகிறது.

தொகுப்பு முழுதும் இவ்வாறே என்று நாம் கூறோம். சில இடங்களில் தாளக் கருவிகளின் ஓசை மெல்லிய தந்தி இழைகளை அமுக்குகிறது. சில இடங்களில் இரு மரபுகளும் ஒன்றையொன்று தொடாமல் மாறிமாறி வந்து போகின்றன. அது அடுத்தடுத்து அமர்தலேயன்றி உறவாடல் ஆகாது. ‘டோன்ட் கம்பேர்’ என்று ஒரு பகுதிக்குப் பெயரிட்டுள்ளார். ஆயினும் ஒப்பிடாமல் திறனாய்வு ஏது? இரண்டாண்டுகள் கழித்து, 1988இல், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இதனினும் இலகுவாய் நெஞ்சில் புகுவது. ஆனால் துணிவில் முந்தியதே மூத்தது.

17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டிற்கு மழையையும் ஆற்றையும் நெல்வயலையும் அளித்தார். பாலைநிலம் அறிந்தோர்க்கு அது வியப்பே. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு தமிழ் நெஞ்சில் வேரூன்ற அந்த மருதநிலம் வேண்டியிருந்தது. அங்கே அரபும் தமிழும் வீட்டுக்காரர்களே.

அரபும் தமிழும் கற்கும் நம் மாணவர்களுட் சிலர், ஒன்றில் தேர்ந்தால் மற்றொன்று அந்நியமாகிவிடும் என அஞ்சுகின்றனர். ஒன்றை மேலோட்டமாய்க் கற்று மற்றொன்றின்மேல் பூசுவதே அந்நியம்; இரண்டிலும் ஆழ்ந்தவனுக்கு அவ்வச்சம் இல்லை. முதல் முறை கேட்டு ஒதுக்கிய இத்தொகுப்பை, அத்தகையோர் பாக்கின் முன்னிசையைத் தனியே ஒருமுறை கேட்டபின், மீண்டும் கேட்பாராக. மூலம் அறிந்தவனுக்கே தக்மீஸ் இனிக்கும்.